ஆள்கூறு வகுப்பறைக்கு வந்த வழி

இரண்டு எண்களால் ஓர் இடத்தைச் சுட்டும் முறை, 1637இல் ரெனே டேக்கார்ட் வெளியிட்ட வடிவகணித நூலிலிருந்து வளர்ந்தது. நெடுங்காலம் அது பெரியவர்களின் கணிதமாகவே இருந்தது. கட்டம் போட்ட தாள் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும் என்று இங்கிலாந்தில் விடாமல் வாதாடியவர் பொறியியலாளர் ஜோன் பெரி. கணிதக் கற்பித்தல் பற்றி 1901இல் கிளாஸ்கோவில் அவர் ஆற்றிய உரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

இப்படி இடத்தைச் சுட்டும் எண்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘ஆயத்தொலைவு’ என்கிறது; இலங்கைப் பாடநூல் ‘ஆள்கூறு’ என்கிறது. சின்ன வாய்க்கு இந்தச் சொல்லே இலகு.

இலங்கையின் முள்ளியவளைப் பிள்ளைக்குத் தன் ஊரே நல்ல முதற்பாடம்: அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று வடக்கே, நெடுங்கோடு 81 பாகைக்குச் சற்று மேற்கே. கொப்பியில் புள்ளி குறிக்கும்போதுதான் சிக்கல் தெரியும். பிள்ளைகள் கோடுகளை எண்ணாமல் கட்டங்களை எண்ணுவார்கள். பூச்சியத்தை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். (3, 5) என்றால் முதலில் வலப்பக்கம் மூன்று, பிறகு மேலே ஐந்து. மாறினால் புள்ளி (5, 3)இல் போய் விழும். இரண்டையும் குறித்துக் காட்டினால் பிள்ளை தானே பிழையைக் கண்டுகொள்ளும்.