கடனும் ஆவணமும்

‘நீ கடன்பட்டாய், தருக’ என ஒருவன் கேட்பின், அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவனுடையதே. இம்முறை நம் நாட்டிற்குப் புதியதன்று.

நம் திருவந்திபுரத்திற்கு மேற்கேயுள்ள திருவெண்ணெய்நல்லூரில் முதியவர் ஒருவர், ‘உன் பாட்டன் எனக்கு வழிவழி அடிமையென ஓலை எழுதித் தந்தான்’ எனச் சுந்தரர்மேல் வழக்கிட்டதனை 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். பணக்கடனன்றாயினும் மெய்ப்பிக்கும் முறை ஒன்றே. அம்முதியவர் இறைவனே; ஆயினும் அவையோர் அவர் வாய்ச்சொல்லை ஏற்றிலர். நெடுநாளைய ஆட்சி, எழுதிய ஆவணம், அயலார் சான்று என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலையே; முதியவர் மூலவோலையை நீட்டினார். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் வழக்கிடுவோன்மேலேயே அச்சுமையை வைத்தது. 2024 ஜூலை முதல் அதனிடத்தே வந்த சட்டமும் அவ்வாறே. ஆதலின், கடைக்கடனோ வங்கிக்கடனோ தண்ட வருவோர் மிரட்டின், அஞ்சிக் கையொப்பமிடற்க. மூலப்பத்திரத்தையும் கணக்கையும் கேண்மின். மெய்யாயின், சுந்தரரைப்போல் ஒப்புக்கொண்டு தீர்த்தலே நமக்கு அழகு.