சபெராவி: ஒரு திராட்சையின் இரண்டு சுவைகள்

காக்கசஸ் மலைத்தொடரின் தெற்கே, ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியான காஹெதியில் மிகுதியாக விளையும் கருந்திராட்சைக்குச் சபெராவி என்று பெயர். சாயமூட்டுவது என்பது அந்நாட்டு மொழியில் அச்சொல்லின் பொருள். பெரும்பாலான கருந்திராட்சைகளில் நிறம் தோலோடு நின்றுவிடும். உள்ளே சதை வெளிறியிருக்கும். சபெராவிக்கோ சதையும் சிவப்பு. அதன் ஒயின் ஏறக்குறைய மைபோல் இருண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

ஜார்ஜிய ஒயின் என்றதும் எண்ணாயிரம் ஆண்டுத் தொன்மையிலிருந்து தொடங்குவது வழக்கம். திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானையோடுகளில் கி.மு. 6000–5800 காலத்துத் திராட்சை மதுவின் எச்சங்கள் இருந்தமையை 2017இல் வெளியான ஆய்வு நிறுவியது. செய்தி மெய்தான். ஆயினும் இன்று கோப்பையில் ஊற்றப்படும் சபெராவியின் சுவையை முடிவுசெய்ததில் அத்தொன்மையைவிட அண்மைக்கால அரசியலுக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

காஹெதிக் குடும்பங்கள் தமக்கென்று ஒயின் செய்துகொண்ட முறை எளியது. முட்டை வடிவில் அமைந்த க்வெவ்ரி என்னும் பெருந்தாழியின் உட்புறத்தில் தேன்மெழுகு பூசி, கழுத்தளவு மண்ணில் புதைத்து, பிழிந்த சாற்றைத் தோலோடும் விதையோடும் அதில் நொதிக்க விடுவர். சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிடும். எஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும். அறுசுவையுள் துவர்ப்புக்குத் தனியிடம் தந்த மொழியினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாவை இறுக்கிப் பிடிக்கும் அத்துவர்ப்பு தனியே பருகினால் முரடாகத் தோன்றும். முற்சுவாதி என்னும் சுட்ட இறைச்சியோடு சேரும்போதுதான் அதன் பயன் விளங்குகிறது. கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கிறது. புளிப்பு கொழுப்பின் திகட்டலை நீக்குகிறது. அந்த இறைச்சியை வாட்டுவதும் கவாத்தில் வெட்டிய திராட்சைக் கொடிகளின் தணலில்தான். வேறு விறகைக் காஹெதியர் அவ்வளவாக மதிப்பதில்லை.

சோவியத் ஆட்சியில் நிலைமை மாறியது. பெருஞ்சந்தை விரும்பியது இனிப்பை. நொதித்தல் முடியுமுன் குளிரூட்டி நிறுத்தினால் சர்க்கரை மிஞ்சும். அவ்வாறு சபெராவியிலிருந்து செய்த கிண்ட்ஸ்மராவுலி என்னும் அரையினிப்பு ஒயின் பெரும்புகழ் பெற்றது. இனிப்பான ஒயின் இறைச்சியோடும் புளிப்புப் பிளம் சாந்தோடும் இசைவதில்லை. அது விருந்துக்குப் பிந்திய பானம். உணவோடு கலந்த பானமன்று. 1985இல் கோர்பச்சேவ் தொடங்கிய மதுவொழிப்பு இயக்கத்தில் கொடிகளே பல இடங்களில் பிடுங்கப்பட்டன.

2006 மார்ச்சில் ரஷ்யா, தூய்மைக் குறைபாடு என்று காரணம் காட்டி, ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. அரசியல் பகையே உட்காரணம் என்பது பரவலான கருத்து. ஏற்றுமதியில் பெரும்பகுதியை வாங்கிய நாடு ஒரே நாளில் கதவடைத்தது, உழவர் தவித்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்குவோரைத் தேடிச் சென்றபோது, அங்கே மதிப்புப் பெற்றது இனிப்பற்ற சபெராவியும் புதைத்த தாழியுமே. வீட்டுக் கொல்லையில் ஒதுங்கிக் கிடந்த முறை, 2013 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

அதே 2013இல் ரஷ்யா தடையை நீக்கியது. சில ஆண்டுகளில் மீண்டும் அதுவே முதன்மைச் சந்தையாயிற்று. காஹெதி ஆலைகள் பலவற்றில் இன்று இரண்டும் அருகருகே புட்டியில் அடைக்கப்படுகின்றன: வடக்கே செல்வதற்கு இனிப்பு, மேற்கே செல்வதற்குத் துவர்ப்பு.