கண்டமான ஜீப்பின் மூன்று பிறவிகள்

பழைய ஜீப்பையோ, அதன் தம்பியான பிக்கப் வண்டியையோ வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் போட்டுப் புதுப்பிக்கும் ஆசை நம் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கு வந்திருக்கிறது. பணமும் உழைப்பும் அவர்களுடையவை. ஆனால் அந்த வண்டியின் கதையில் நம் தலைமுறைக்கும் பங்கு உண்டு. அதில் ஏறிப் போனவர்கள், அது கிளப்பிய புழுதியைத் தின்றவர்கள், என்னைப் போல் அலுவலகத்தில் உட்கார்ந்து அதன் லாக் புக்கைச் சரிபார்த்தவர்கள் எல்லாம் நாம்தானே. அதனால் அதன் வரலாற்றைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

ஜீப்புக்கு முதல் பிறவி அமெரிக்காவில். 1940-ல் அந்நாட்டு ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்துவிட்டது. ஆனால் பெரிய ஆர்டர் கிடைத்தது வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டுக்கும். வில்லிஸின் 60 குதிரைசக்தி எஞ்சின்தான் காரணம். போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின.

போர்க்களத்தில் வண்டி நின்றுவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு எங்கே போவது? கையில் இருக்கும் நாலு ஸ்பேனரை வைத்துச் சிப்பாயே சரி செய்துகொள்ள வேண்டும். அதற்கேற்றபடி அதை அமைத்தார்கள். அடியில் ஏணி போல ஒரு இரும்புச் சட்டம், அதன் கீழே பட்டை ஸ்பிரிங், மேலே போல்ட் போட்டு முடுக்கிய தகர உடம்பு. இன்றைய கார்களில் எலும்பும் தோலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஜீப்பில் எலும்பு வேறு, தோல் வேறு. எண்பது ஆண்டு கழித்து மேச்சேரியில் ஒரு கொட்டகையில் அதைப் பிரித்துக் கோக்க முடிகிறது என்றால் அந்தப் போர்க்கால யோசனையே காரணம்.

நம் நாட்டுக்கு ஜீப் வந்த கதையில் ஒரு கறையும் உண்டு. 1948-ல் காஷ்மீர்ப் போருக்காக, பழுது பார்த்துப் புதுப்பித்த ஜீப்புகளை லண்டனில் இருந்த நம் ஹை கமிஷனர் கிருஷ்ண மேனன் வழியாக 80 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் செய்தார்கள். வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓடும் நிலையில் இல்லை என்று நாடாளுமன்றத்தில் பெரிய ரகளை நடந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்றும் சொல்கிறார்கள். பெயிண்ட் அடிப்பது வேறு, புதுப்பிப்பது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

பிறகு மகிந்திரா. 1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு அப்போது பெயர் மகிந்திரா அண்ட் முகம்மது. பிரிவினையில் குலாம் முகம்மது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. பெட்டி பெட்டியாக வந்த வில்லிஸ் பாகங்களைப் பம்பாயில் பூட்டி வெளியே விட்டார்கள். பின்னர் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

இரண்டாம் பிறவி அரசாங்க உத்தியோகம். 1952-ல், அதே அக்டோபர் 2 அன்று, சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பி.டி.ஓ. என்றாலே ஜீப், ஜீப் என்றாலே பி.டி.ஓ. என்று ஆயிற்று. கொசு மருந்து அடிக்க, குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் செய்ய, தேர்தலுக்கு வாக்குப்பெட்டி கொண்டுபோக என்று எல்லாவற்றுக்கும் அதுதான். 1965-ல் எஃப்.சி.150 என்ற பிக்கப்பையும் மகிந்திரா கொண்டுவந்தது. டிரைவர் எஞ்சினுக்குப் பின்னால் உட்காராமல் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்காருவார். முன்பக்கம் மூக்கு இருக்காது. எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. காட்டப் போகிறோம் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள்.

லாக் புக்கில் புறப்பட்ட இடம், போன காரியம், ஓடிய தூரம், போட்ட பெட்ரோல், அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். இனி இதற்குச் செலவு செய்வது வீண் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் வண்டி கண்டம். அப்புறம் வருடக்கணக்கில் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நிற்கும், டயரை மண் விழுங்கும். ஒருநாள் ஏலம். தொகையைக் கட்டி ரசீது வாங்கியதும் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். ஃபைல் முடிந்தது.

ஃபைலுக்குத்தான் முடிவு. வண்டிக்கு அது மூன்றாம் பிறவி. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட விவசாயியால் ஆகவில்லை. எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். டிராக்டர் எஞ்சினை ஏற்றியவர்களும் உண்டு. பின்பக்கம் பலகையும் தகரமும் அடித்துத் தொட்டி கட்டினார்கள். ஏற்காட்டில் காப்பி மூட்டை, கொல்லிமலையில் அன்னாசி, போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆட்கள் என்று அது ஏறாத மேடில்லை.

எங்கள் ஊரில் ஒரு தம்பி இப்படிப்பட்ட பிக்கப் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறார். “ஐயா, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமாமே” என்று சில ஜெராக்ஸ் தாள்களோடு ஒருநாள் வந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தது ஓய்வு பெற்ற பிறகு இப்படி உதவும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் வண்டியில் இருப்பது மெக்கானிக்குகள் ‘பீஜோ’ என்று சொல்லும் எஞ்சின். பிரான்ஸின் பெழோ கம்பெனியிடம் 1979-ல் லைசென்ஸ் வாங்கி மகிந்திரா செய்த எக்ஸ்.டி.பி. 4.90. அதாவது 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம். குளிரில் டீசல் பற்றிக்கொள்ள உதவும் ஹீட்டர் பிளக்கைப் பிரெஞ்சில் ‘பூழி’ என்பார்கள். மெழுகுவத்திக்கும் அதே சொல்தான். தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் மனதில் ஒரு குழப்பம் இருந்தது. இந்த டீசல் எஞ்சினைத் தூக்கிவிட்டு, எங்காவது தேடிப் பழைய பெட்ரோல் எஞ்சினையே போட்டால்தானே அசல் வண்டி ஆகும்? சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் ‘வின்டேஜ்’ மரியாதை. அதையும் அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. உழைத்துப் பிழைத்த கிராமத்து ஜீப்புக்கு அந்த வரிசையில் இடமில்லை.

பிரெஞ்சில் புதுப்பித்தலை ‘ரெஸ்தோரே’ என்பார்கள். ஓட்டலுக்குச் சொல்லும் ரெஸ்டாரண்ட் அதிலிருந்து வந்ததுதான். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் அது கடையின் பெயரே அல்ல, தளர்ந்த உடம்புக்குத் தெம்பு தரும் சூப்பின் பெயர். சூப்பு குடித்தவர் எழுந்து நடப்பார், குழந்தையாகிவிட மாட்டார். நம் கோயில் ஜீர்ணோத்தாரணமும் அப்படித்தான். சிதைந்ததைச் சீர் செய்வோம். நடுவில் யாரோ கட்டி வைத்த மண்டபத்தை, ஆதியில் இல்லை என்று இடித்துத் தள்ள மாட்டோம். டீசல் எஞ்சின் அந்த வண்டிக்கு நடுவில் வந்த மண்டபம். அதை அப்படியே விட்டு, ஆர்.சி.யில் எஞ்சின் மாற்றம் முறைப்படி பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

வேலையின் வரிசையைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கழற்றுமுன் போட்டோ, கழற்றிய போல்ட்டுக்குத் தனித்தனி டப்பா, டப்பாவுக்கு மேல் பெயர். முதலில் சேஸிஸைச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் உயிர் இருக்கிறது, சொத்தென்றால் துரு தின்றுவிட்டது. என் பிறந்த ஊரின் கடற்காற்றில் தகரம் சீக்கிரம் போய்விடும். மேச்சேரியின் காய்ந்த காற்றில் அந்தக் கவலை குறைவு. எஞ்சின் உறுமுவதைக் கேட்க எல்லோருக்கும் அவசரம்தான், ஆனால் பிரேக் வேலை முடிந்த பிறகே அதைத் தொட வேண்டும். பிரேக் சிலிண்டரின் பழைய ரப்பரை மறுபடி போடவே கூடாது.

பெயிண்ட் சுரண்டும்போது மட்டும் நான் கூடவே நின்றேன். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் வெள்ளை. பின் தகட்டில், அரசு வண்டிகளில் எழுதும் சிவப்பு ‘அ’ பாதி தெரிந்தது. உள்ளங்கை அளவு அந்த இடத்தைப் பெயிண்ட் அடிக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

இனி இப்படி வண்டிகள் கிராமத்துக்கு வரப் போவதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வயது கடந்த அரசு வாகனங்களை ஏலத்தில் விட்டு ஓட்ட முடியாது, பதிவு பெற்ற நிலையத்தில் உடைத்தே ஆக வேண்டும். புகையையும் விபத்தையும் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே கொட்டகைகளில் இப்போது இருப்பவைதான் கடைசிச் சரக்கு. அவற்றை ஓட்டிய டிரைவர்கள் பலருக்கும் எண்பதை நெருங்கும் வயது. கருவூலத்தில் நேர்காணலுக்குப் போகும்போது அவர்களைப் பார்த்தால், எந்த வண்டி, எந்த ஊர், எந்த மேட்டில் நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விவரம் லாக் புக்கில் கிடையாது.