சுவெட்டன்ஹாம்: ஒரு குடும்பப் பெயரின் வழித்தடம்

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய பிறப்புச் சான்றிதழ்களும் குடிநுழைவுத் தாள்களும் இன்றும் பேணிக் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றை எடுத்துப் பார்ப்போர் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ எனும் பெயரைக் காணக்கூடும். இன்றைய நிலப்படத்தில் அப்பெயர் இல்லை. 1972ஆம் ஆண்டில் அத்துறைமுகம் ‘போர்ட் கிள்ளான்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறியது, ஊர் மாறவில்லை. எனினும், தம் முன்னோர் கரையிறங்கிய இடத்தை அறிய விழையும் மாணவர்க்கு இப்பெயரை விளங்கிக்கொள்ளுதல் இன்றியமையாததாகிறது.

‘சுவெட்டன்ஹாம்’ என்பது யாது? அஃது ஓர் ஆளுநரின் பெயர் என்பதைப் பலரும் அறிவர். அவ்வாளுநர்க்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, இங்கிலாந்திலேயே அஃது ஏன் அரிய பெயராக உள்ளது என்பன பரவலாக அறியப்படாதவை. இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, குடும்பப் பெயர் ஒன்றின் வரலாற்றை ஆராயும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஊரும் பெயரும்

இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் எனும் மாவட்டம் உள்ளது. அங்கே, காங்கிள்டன் நகருக்கு அண்மையில், டேன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்த சிற்றூரே சுவெட்டன்ஹாம். இவ்வூரின் பெயரிலிருந்தே குடும்பப் பெயர் தோன்றிற்று.

ஊர்ப்பெயர் பழைய ஆங்கில மொழிக்குரியது. அதில் இரண்டு உறுப்புகள் உள. முன்னது ‘சுவேட்டா’ எனும் ஆட்பெயர். ‘இனிய’ எனப் பொருள்படும் பழஞ்சொல்லோடு தொடர்புடையது அது. அச்சொல்லே இன்று ‘சுவீட்’ என வழங்குகிறது. பின்னது ‘ஹாம்’, குடியிருப்பு, உறைவிடம் என்பது அதன் பொருள். இன்றைய ‘ஹோம்’ எனும் சொல் அதன் வழிவந்ததே. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் முதலிய நகரங்களின் பெயர்களிலும் இவ்வுறுப்பு உண்டு.

இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் ‘ன்’ நம் கவனத்திற்குரியது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமையேற்றுத் திரியும். ‘சுவேட்டா’ எனும் பெயர் உடைமைப் பொருளில் ‘சுவேட்டன்’ என நிற்கும். ஆகவே, ‘சுவேட்டன்ஹாம்’ என்பது ‘சுவேட்டாவினது குடியிருப்பு’ என விரியும். நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை செய்யும் பணியை அங்கே அந்த ‘ன்’ செய்தது. பின்னாளில் ஆங்கிலம் தன் வேற்றுமை உருபுகளுள் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. ஆனால் ஊர்ப்பெயருக்குள் புகுந்த உருபு அழியாமல் தங்கிவிட்டது. பேச்சு கைவிட்ட இலக்கணத்தைப் பெயர்கள் காத்து வைத்திருத்தல் மொழி வரலாற்றில் அடிக்கடி காணப்படும் நிகழ்வாகும்.

‘சுவே’ எனும் நெடில் எவ்வாறு ‘சுவெ’ எனக் குறுகிற்று எனும் வினாவும் எழும். மூன்று அசைகள் கொண்ட நீண்ட சொற்களில் முதலசையின் நெடில் குறுகுதல் இடைக்கால ஆங்கிலத்தின் இயல்புகளுள் ஒன்று. எழுத்தில் இரட்டித்து வரும் மெய்யெழுத்து, அதற்கு முன்னுள்ள உயிர் குறில் என்பதைக் காட்டுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்றைய ஒலியைக் கொண்டு பெயருக்குப் பொருள் காண்பது எளிது, பிழைபடுவதும் எளிது. இப்பெயரை ‘இனிய இல்லம்’ என மொழிபெயர்ப்பார் உண்டாயின், அவர் வேற்றுமை உருபைக் காணத் தவறியவராவார். ‘வியர்வை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒப்புமை கண்டு இணைப்பாரும் அவ்வாறே தவறுவர். ‘ஹாம்’ என முடியும் ஊர்கள் அனைத்தும் ஒரே பொருளுடையனவும் அல்ல. நீரால் சூழப்பட்ட நிலத்தைக் குறித்த வேறொரு பழஞ்சொல்லும் இன்று அதே வடிவில் வழங்குகிறது. எது எங்கே உள்ளது என்பதைப் பழைய ஆவணங்களில் காணும் எழுத்து வடிவங்களே முடிவு செய்யும். கிடைப்பனவற்றுள் பழைமையான வடிவத்தை முதலில் காண வேண்டும் என்பது பெயராய்வின் முதல் விதி. தமிழ் ஊர்ப்பெயர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயரான வரலாறு

ஒருவரை அவர்தம் ஊரால் சுட்டுதல் நமக்குப் புதிதன்று. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் எனச் சங்கப் புலவர் பலர் ஊர்ப்பெயரால் அறியப்படுகின்றனர். ‘கிழார்’ என்பது உரிமையுடையவர் எனப் பொருள்படும். இடைக்கால இங்கிலாந்திலும் நிலவுடைமைக் குடும்பங்கள் தம் ஆளுகைக்குட்பட்ட ஊரின் பெயரால் அழைக்கப்பட்டன. சுவெட்டன்ஹாம் ஊரின் நிலக்கிழார் குடும்பமும் அவ்வூரின் பெயரையே தாங்கிற்று. ஊரைவிட்டு வெளியேறிய எளிய மக்களும் புதிய இடத்தில் பழைய ஊரின் பெயரால் சுட்டப்பட்டனர். ஆதலின், இப்பெயரைத் தாங்கியோர் அனைவரும் நிலக்கிழாரின் வழியினர் எனக் கொள்ளுதல் இயலாது.

ஒப்புமை இவ்வளவில் நிற்கிறது. புலவர்தம் ஊர்ப்பெயர் அவர்தம் மக்களுக்குக் கட்டாயமாகச் செல்லவில்லை. இங்கிலாந்திலோ அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் உடைமையாயிற்று. 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்பிற்குப் பின்னர் நிலவுடைமையாளரிடையே தொடங்கிய இவ்வழக்கம் மெல்ல மெல்லப் பொதுமக்களிடமும் பரவிற்று. 1400ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்துக் குடும்பங்களுள் பெரும்பாலானவை நிலைத்த குடும்பப் பெயரைப் பெற்றுவிட்டன. நிலவுரிமை வழிவழியாகச் செல்ல வேண்டியிருந்தமை ஒரு காரணம். அரசு மக்களைப் பெயரால் அறிய வேண்டியிருந்தமை மற்றொரு காரணம். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரிக்கென எழுதப்பட்ட பட்டியல்கள் இன்றும் பெயராய்வாளர்க்குப் பெருந்துணையாக உள்ளன.

1538ஆம் ஆண்டில் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யுமாறு ஆணை பிறந்தது. 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கிற்று. காதால் கேட்டதை எழுத்தர் தமக்குத் தோன்றியவாறு எழுதினார். அதனால் ஒரு பெயர் பல வடிவங்களாகப் பிரிந்தது. நடுவிலுள்ள அசையும் ‘ஹ’கர ஒலியும் பேச்சில் தேய்ந்தமையால் ‘சுவெட்னம்’ எனும் வடிவம் தோன்றித் தனிக் குடும்பப் பெயராகவே நிலைத்தது.

அவ்வடிவத்தைத் தாங்கியவருள் ஒருவர் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர். ஜோசப் சுவெட்னம் எனும் வாட்போர் ஆசிரியர் 1615ஆம் ஆண்டில் பெண்களை இழித்துரைத்து நூலொன்றை வெளியிட்டார். 1617இல் ரேச்சல் ஸ்பெக்ட் எனும் இளம்பெண் தம் சொந்தப் பெயரிலேயே அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். 1620இல் அச்சான நாடகமொன்று சுவெட்னத்தைப் பெண்வெறுப்பாளர் எனத் தலைப்பிலேயே சுட்டி எள்ளி நகையாடிற்று. ‘இனிமை’யில் வேர்கொண்ட பெயர் கசப்பான கருத்துகளுக்கு அடையாளமாயிற்று. பெயரின் பொருள் வேறு, அதனைத் தாங்குவோரின் இயல்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அருமைக்குக் காரணம்

‘ஸ்மித்’ எனும் பெயர் இங்கிலாந்தெங்கும் மலிந்து காணப்படுகிறது. அது கொல்லரைக் குறிக்கும் தொழிற்பெயர். ஊர்தோறும் கொல்லர் இருந்தமையால் அப்பெயர் ஆயிரக்கணக்கான இடங்களில் தனித்தனியே தோன்றிற்று. சுவெட்டன்ஹாம் எனும் சிற்றூரோ ஒன்றுதான். அதிலிருந்து சிலரே அப்பெயரைப் பெற்றிருத்தல் இயலும். ஊற்று ஒன்றாயின் நீரும் சிறிதாகவே இருக்கும். இத்தகைய பெயர்கள் நெடுங்காலம் தம் பிறப்பிடத்தை அடுத்த மாவட்டங்களிலேயே செறிந்திருத்தலும் பொதுவான போக்காகும். செஷயரும் அதனை அடுத்த ஸ்டாஃபர்ட்ஷயர், லங்காஷயர் ஆகியனவும் இப்பெயரின் தாய்நிலப் பரப்பு எனலாம்.

பெயர் அருகுவதற்குக் கணிதவியல் சார்ந்த காரணமும் உண்டு. ஃபிரான்சிஸ் கால்டன், ஹென்றி வாட்சன் ஆகிய இருவரும் குடும்பப் பெயர்களின் மறைவு பற்றி 1874ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டனர். பெயர் ஆண்வழியே மட்டும் செல்லுமாயின், ஆண்மக்கள் இல்லாத ஒவ்வொரு கிளையிலும் அது முடிந்துவிடும். நாட்டு மக்கள்தொகை குறையாத நிலையிலும், தற்செயலின் காரணமாகவே பல பெயர்கள் அற்றுப்போகும். சில வீடுகளில் மட்டும் தொடங்கிய பெயர் இன்றளவும் வழங்குவது உண்மையில் வியப்புக்குரியதே.

அண்மைக் காலத்தில் மரபணுவியலும் இத்துறைக்குத் துணைபுரிகிறது. 2000ஆம் ஆண்டில் பிரையன் சைக்ஸ் என்பார் தம் குடும்பப் பெயரையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ‘சைக்ஸ்’ என்பது சிற்றோடையைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. பல இடங்களில் தோன்றிய பெயர் எனக் கருதப்பட்டு வந்தது. அப்பெயருடைய 48 ஆடவரின் தந்தைவழி மரபணுவைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே அமைப்புக் காணப்பட்டது. ஒரே மூதாதையிடமிருந்து அப்பெயர் பரவியிருத்தல் கூடும் என அவர் கருதினார். 2016ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபர்டு பதிப்பகம் வெளியிட்ட குடும்பப் பெயர் அகராதி, பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வழங்கும் 45,000க்கும் மேற்பட்ட பெயர்களைப் பழைய பதிவுகளின் துணைகொண்டு விளக்குகிறது.

மலாயாவிற்கு வந்த பெயர்

1850ஆம் ஆண்டில் டெர்பிஷயரின் பெல்ப்பர் எனும் ஊரில் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் பிறந்தார். பெயருக்கு மூலமான சிற்றூரிலிருந்து அவ்வூர் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. சில நூற்றாண்டுகளில் இத்துணைக் குறுகிய தொலைவே நகர்ந்த பெயர், அவர் 1871ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தபோது கடலைக் கடந்தது. மலாய் மொழியைக் கற்றுத் தேர்ந்த அவர், 1881இல் ஆங்கில மலாய்ச் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டார். 1882இல் சிலாங்கூரின் பிரித்தானிய ரெசிடெண்ட் ஆனார். பின்னர்ப் பேராவிலும் அப்பதவியை வகித்தார். 1896இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்ட் ஆனார். 1901 முதல் 1904 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக விளங்கினார்.

கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது. சதுப்பு நிலத்தில் அமைந்த அவ்விடத்தை விரைவிலேயே மலேரியா தாக்கியது. தொழிலாளரும் அலுவலரும் நோயுற்றனர். கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், தேங்கிய நீரை வடித்து நிலத்தைத் துப்புரவு செய்யும் முறையால் நோயைக் கட்டுப்படுத்த வழிகாட்டினார். பெயர் ஆளுநருடையது, அத்துறைமுகத்தில் உழைத்தும் நோயுற்றும் அதனை நிலைநிறுத்தியோர் வேறு பலர்.

அவர்களோடு நம்மவரின் வரலாறும் பிணைந்துள்ளது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளை நாடி வந்தன. ‘ரஜூலா’ கப்பலை நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர். கரையிறங்கியவர்கள் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வாறு, செஷயரின் சிற்றூரொன்றின் பெயர், அவ்வூரை ஒருபோதும் கண்டிராத தமிழர்தம் தாள்களில் ஏறிற்று. இங்கிலாந்தில் அரிதான பெயர் இங்கே பலர் வாயில் வழங்கிற்று. 1972இன் பெயர் மாற்றத்திற்குப் பின்னரும் பினாங்கின் சுவெட்டன்ஹாம் படகுத்துறையும் சிங்கப்பூரின் சுவெட்டன்ஹாம் சாலையும் அதனைத் தாங்கி நிற்கின்றன.

நமக்குரிய பாடம்

ஆட்பெயர் ஊர்ப்பெயராகி, ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் மீண்டும் ஊர்ப்பெயராகிப் பின் மறைந்த வரலாற்றைக் கண்டோம். சுவேட்டா யார் என்பதை எவரும் அறியார். ஆயினும் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயரை நாம் பகுத்துப் பொருள் கூற முடிகிறது. வரிப்பட்டியலும் தேவாலயப் பதிவேடும் இடையறாது எழுதப்பட்டமையே அதற்குக் காரணம்.

அதே துறைமுகத்தில் இறங்கிய தமிழரின் நிலை வேறு. தந்தை பெயரை இணைத்து எழுதும் நம் வழக்கில், பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. பாட்டனாரின் பெயர் பேரனின் தாளில் இராது. எழுத்தர் காதில் விழுந்தவாறு உரோமன் எழுத்தில் பதிந்தமையால், உடன்பிறந்தோர் பெயரிலேயே தந்தை பெயர் வெவ்வேறு வடிவம் பெறுதலும் உண்டு. ஊர்ப்பெயரோ குடும்பத்தாரின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும். நினைவுடையோர் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய தாளைக் கண்டு, அதிலுள்ள பெயர்களை எழுத்து மாறாமல் படியெடுக்கட்டும். மூத்தோர் அப்பெயர்களை ஒலிக்கும் முறையைத் தமிழில் அருகே எழுதட்டும். முன்னோர் புறப்பட்ட ஊரின் பெயரையும் கரையிறங்கிய துறையின் பெயரையும் கேட்டுக் குறிக்கட்டும். தாளில் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என இருப்பின், அதனை அழித்துப் புதிய பெயரை எழுதாமல், இரண்டையும் சேர்த்தே குறிக்கட்டும். அயலவர் ஒருவரின் ஊர்ப்பெயரைக் காத்த அத்தாள்களின் ஓரத்தில், நம் முன்னோரின் ஊர்ப்பெயரையும் எழுதி வைக்க இடமுண்டு. அதனை எழுதுவதற்கு, கேட்டுச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும் காலம் இதுவே.