வெயிலுக்கு ஆகாத சாட்சி

தாம்பரம் மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டுப் பாருங்கள். "பிளாஸ்டிக் லென்ஸ் போட்டுக்குங்க சார், விழுந்தா உடையாது, கனமும் இல்லை" என்பார்கள். அந்த வகையில் ரொம்பப் பழசு சிஆர்-39. 1940-ல் அமெரிக்காவில் 'கொலம்பியா ரெசின்' வரிசையில் பிறந்தது. யுத்தத்தில் குண்டுவீச்சு விமானங்களின் பெட்ரோல் டாங்கிகளுக்குப் போய், யுத்தம் முடிந்ததும் நம் மூக்கின் மேல் ஏறிக்கொண்டது.

1978-ல் அதற்கு இன்னொரு உத்தியோகம் கிடைத்தது. இது அணுத்துகள்களின் தடத்தைப் பதிவு செய்வதில் கில்லாடி என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கார்ட்ரைட், ஷர்க், பிரைஸ் மூவரும் கண்டுபிடித்தார்கள். சமாசாரம் எளிது. ஆல்ஃபா துகள் ஒன்று பிளாஸ்டிக்கில் நுழையும்போது, வழியிலுள்ள மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாது. சூடான காஸ்டிக் சோடாவில் சில மணி நேரம் ஊறவைத்தால், அறுபட்ட பாதை மட்டும் சீக்கிரம் கரைந்து குழியாகும். மைக்ராஸ்கோப்பில் எண்ணிவிடலாம். பாட்டரிகூட வேண்டாம்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையமும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமும் சேர்ந்து 'அனுராதா' என்ற கருவியில் சிஆர்-39 தகடுகளை அடுக்கி, 1985 ஏப்ரல் 29-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் அனுப்பின. ஒரு விசித்திர வகைக் காஸ்மிக் கதிரின் அணுக்கள் ஒரே ஒரு எலெக்ட்ரானைத்தான் இழந்திருக்கின்றன என்று திரும்பி வந்த தகடுகள் சாட்சி சொல்லின. ஒன்பதே மாதத்தில் அந்த சேலஞ்சர் ஏழு பேருடன் வெடித்துச் சிதறியது வேறு கதை.

ஆனால் இந்த சாட்சிக்கு ஒரு பலவீனம்: வெயில். அதிலுள்ள அல்ட்ரா வயலட் எனும் புற ஊதாக் கதிரும் இதே சங்கிலிகளைத்தான் அறுக்கிறது, அதுவும் பரவலாக. அப்புறம் காஸ்டிக் சோடாவில் போட்டால் தகடு முழுக்க வேகமாகக் கரையும். குழியின் அளவு மாறும். சில குழிகள் அழிந்தும் போகும். வேடிக்கை என்னவென்றால், லெக்ஸான் என்ற பிளாஸ்டிக்கில் மங்கலான தடத்தை எடுப்பாக்க விஞ்ஞானிகள் வேண்டுமென்றே புற ஊதா விளக்கைக் காட்டினார்கள். அளந்து கொடுத்தால் மருந்து, அளவில்லாமல் பட்டால் விஷம்.

இதில் நமக்கென்ன? ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போய், செங்கல்பட்டில் திரும்பினால் கல்பாக்கம். 1984-லிருந்து மின்சாரம் தரும் அணு நிலையம். நம் நாட்டில் நியூட்ரான் படக்கூடிய இடத்தில் வேலை பார்ப்பவர்களின் சட்டையில் குத்தும் அட்டைக்குள் இருப்பது இந்த சிஆர்-39 துண்டுதான். ஒரு மனிதர் உடம்பில் எவ்வளவு வாங்கினார் என்பதற்கு அந்தக் குழிகளே கணக்கு.

வீட்டிலும் உண்டு. பரங்கிமலைக் கல் உள்பட எந்தப் பாறையிலும் துளி யுரேனியம் இருக்கும். அது சிதையும் வரிசையில் ரேடான் வாயு கிளம்பும். நுரையீரல் புற்றுநோய்க்கு சிகரெட்டுக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்று. அதை அளக்க எல்ஆர்-115 என்ற சிவப்பு ஃபிலிமை வீட்டுக்குள் சுமார் மூன்று மாதம் தொங்கவிடுவார்கள். அதற்கும் புற ஊதா ஆகாது. திறந்த ஜன்னலில் சித்திரை வெயில் படும்படி மாட்டினால், வரும் எண் ரேடானுடையதா, சூரியனுடையதா என்று சொல்ல முடியாது.

எனவே யாராவது வந்து ஃபிலிம் மாட்டினால், வெளிச்சமாக இருக்கட்டுமே என்று ஜன்னலுக்கு நகர்த்தாதீர்கள். நல்ல சாட்சிதான், நிழலில் வைத்து விசாரிக்க வேண்டும், அவ்வளவே.