வெள்ளையர் மேடையில் நட்பு கேட்ட தமிழர்: ஆங்கிலிக்கன் பிஷப் ஆன முதல் இந்தியர் அசரியா யார்?

காஞ்சிபுரம் பக்கம் போனவங்க சிஎஸ்ஐ சர்ச், சிஎஸ்ஐ ஆஸ்பத்திரி என்ற போர்டுகளைப் பார்த்திருப்பீங்க. தென்னிந்தியத் திருச்சபை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. அந்தத் திருச்சபை உருவாகப் பல வருஷம் பாடுபட்டவர்களில் ஒருவர், திருச்செந்தூர் பக்கத்து கிராமத்துக்காரர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு பேச்சுக்காக.

எங்கே பிறந்தார்?

1874 ஆகஸ்ட் 17. ஊர் வெள்ளாளன்விளை. அப்பா தாமஸ் வேதநாயகம் ஒரு கிராமப் போதகர். மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு போனது. டிகிரி முடிக்கவில்லை. 1895 முதல் 1909 வரை ஒய்எம்சிஏ செயலாளர் வேலை. ஊர் ஊராகச் சுற்றிப் பேசிப் பழகியது அப்போதுதான்.

1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். 'நம்ம ஊரில் ஏன் முடியாது?' என்ற கேள்வி அங்கே பிடித்துக்கொண்டது. மறு வருஷமே, 1903 பிப்ரவரி 12-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். இதுதான் கொள்கை. 1909-ல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு அவரே கிளம்பிவிட்டார். தெலுங்கையும் கற்றுக்கொண்டார்.

எடின்பரோவில் என்ன பேசினார்?

1910 ஜூன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. வந்திருந்த பிரதிநிதிகள் சுமார் 1,200 பேர். ஆசியாக்காரர்கள் 20 பேர் கூடத் தேறாது! அந்தச் சபையில் பேச எழுந்தபோது அசரியாவுக்கு வயசு 35.

வெளிநாட்டு ஊழியர்களும் உள்ளூர் ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்வது பற்றித்தான் பேச்சு. நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் கைதட்டல் நிச்சயம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் மிஷனரிகளுக்கும் இந்தியப் போதகர்களுக்கும் நடுவே மனம்விட்ட பழக்கமே இல்லை, இருப்பது முதலாளி - சம்பளக்காரர் உறவுதான் என்று போட்டு உடைத்தார். அன்பைப் பற்றி பவுல் எழுதிய வரிகளை அவர்கள் பக்கமே திருப்பினார். ஏழைகளுக்குச் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள்; எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

கேட்டவர்களில் சிலர் பாராட்டினார்கள். சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேடையில் மனசில் பட்டதைச் சொன்ன ஆயர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. பிரசங்கத்துக்காகவே 'பொன்வாய்' என்று பெயர் வாங்கிய கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம், பணக்காரர்களையும் அரண்மனையையும் சாடியவர். நாடு கடத்தப்பட்டு கி.பி. 407-ல் வழியிலேயே இறந்தார். அசரியாவுக்கு நடந்ததோ நேர்மாறு.

பிஷப் ஆனது எப்படி?

சென்னை பிஷப் ஒயிட்ஹெட் அவருக்காக உறுதியாக நின்றார். இந்தியரை அந்தப் பதவியில் வைப்பதற்கு மிஷனரிகளிடம் எதிர்ப்பு. இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலரும் வேண்டாம் என்றார்கள். இதையெல்லாம் தாண்டி 1912 டிசம்பர் 29-ல், கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் பிஷப் ஆனார்.

சரி, கதவு திறந்துவிட்டதா? இல்லை. 1945-ல் அவர் இறக்கும் வரை, ஒரு ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். 32 வருஷம், ஒரே ஆள்!

அவருடைய மறைமாவட்டத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்து ஏழை மக்கள். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசுவார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தலையில் கை வைத்து, 'நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ' என்ற பொருளில் உறுதி சொல்ல வேண்டும். அதாவது, பிரசங்கம் பிஷப்புக்கு மட்டும் சொந்தமில்லை.

அரசியலிலும் அவர் கருத்து தெளிவு. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். இதில் காந்தியோடு ஒத்துப்போனவர், மதமாற்றம் பற்றிய விவாதத்தில் அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார்.

சிஎஸ்ஐ-க்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் என்று ஐரோப்பியச் சண்டையை இங்கே ஏன் சுமக்கணும்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் கேட்டது இதைத்தான். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அசரியாவும் ஒருவர். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது.

இதற்கிடையே தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6-ல் திறக்கப்பட்டது. இந்துக் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றின் சாயலும் கலந்த கட்டடம் அது. 1945 ஜனவரி 1-ல் அசரியா காலமானார். 1947 செப்டம்பர் 27-ல், சுதந்திரம் கிடைத்து ஆறே வாரத்தில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது.