உலகைக் கற்பித்தலும் தீவக ஆசிரியரும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பண்ணைப் பாலத்தினூடாகப் புறப்படும் பெருந்தெரு, வேலணையைக் கடந்து, வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவினுட் புகுந்து, அத்தீவின் மேற்குக் கோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறியே ஆகவேண்டும். பாடசாலை நாட்களில் காலை வேளையில் அத்துறையில் நிற்பவர், யாத்திரிகருக்கும் வியாபாரிகளுக்கும் இடையே, புத்தகப் பையும் சாப்பாட்டுப் பொதியும் கையிற் கொண்டு காத்திருக்கும் ஆசிரியர்களைக் காண்பர். கடல் கடந்து சென்று, உலகப்படத்தைச் சுவரில் மாட்டி, பிற நாடுகளையும் பிற மக்களையும் பற்றிக் கற்பித்துவிட்டு மாலையில் மீள்பவர்கள் இவர்கள்.

இவர்களுக்கு அவ்வுலகத்தைக் கற்பித்தவர் யார் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். பிறர் பண்பாடுகளை மாணவர்க்கு எடுத்துரைப்பதற்கு முதலில் ஆசிரியரைப் பயிற்றுதல் வேண்டும் என்ற கருத்து, 'செயலமர்வு' என்னும் சொல்லோடு நேற்று வந்த புதுமை எனப் பலர் கருதுவர். யுனெஸ்கோ நிறுவனம் சர்வதேச விளக்கத்துக்கான கல்வி பற்றிய விதந்துரையை 1974 நவம்பரில் ஏற்றுக்கொண்டது; 2023இல் அதனைப் புதுக்கியது. ஆயின் யாழ்ப்பாணத்தில் இம்முயற்சிக்கு அதனினும் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வெற்றிக்கு நிகராகத் தவறுதலும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியே இவ்வகையில் முதலிற் குறிப்பிடத்தக்கது. டானியல் பூர் அதன் முதல் அதிபர். புவியியலும் வானியலும் கணிதமும் அங்கு ஆங்கில மூலம் கற்பிக்கப்பட்டன. தமிழும் சமஸ்கிருதமும் இடம்பெற்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. எனினும் ஆங்கிலம் கற்றோர் மிஷன் பணியிலும் பார்க்க அரசாங்க உத்தியோகத்தையே பெரிதும் நாடினர் என்பது மிஷனுக்குக் குறையாகப்பட்டது. தாய்மொழிக் கல்வியை வலியுறுத்திய றூபஸ் அன்டர்சனின் வருகையைத் தொடர்ந்து 1855இல் செமினரி மூடப்பட்டது. உலக அறிவு ஆங்கிலத்தின் கைப்பிடித்து வந்தது. அக்கையைப் பற்றியவர் அதனோடேயே வெளியேறினர். ஊர்த் திண்ணைப் பள்ளியில் ஏடு பயிற்றிய உபாத்தியாயருக்கு அதில் எத்துணைப் பங்கு கிட்டியது என்பது ஐயத்துக்குரியதே.

ஒரு நூற்றாண்டின் பின்னர் இதே வினாவுக்கு வேறொரு விடை தீவகத்திலிருந்தே எழுந்தது. ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பனில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளைத் தமிழாராய்ச்சி மாநாடுகளின் தந்தையாகவே நாம் போற்றுகின்றோம். அவர் 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராக இருந்தார் என்பதும், ஆசிரியரை உருவாக்குதலே அக்காலத்தில் அவரது அன்றாடத் தொழில் என்பதும் போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. பல்கலைக்கழகத்திற் சேருமுன்னரே ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாடுகளைக் கண்டவர் அவர். பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறநாட்டாரும் தமிழரைப் பற்றிப் படிக்கும் வண்ணம் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழை 1952இல் தொடங்கினார். அவரது பயணக் கட்டுரை நூலொன்று 1966இல் 'ஒன்றே உலகம்' என்னும் பெயரோடு வெளிவந்தது. அதே ஆண்டில், வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்த புரொவென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியையும் கோலாலம்பூரிற் பதிப்பித்தார்.

செமினரியின் வழியிலிருந்து இவ்வழி வேறுபட்டது. செமினரி உலகத்தை வெளியே ஓரிடத்தில் இருப்பதாகக் காட்டிற்று. அடிகளோ உலகத்தைக் காணச் சென்றவிடத்திலே தமிழைக் கண்டு மீண்டார். தன் பண்பாட்டை ஆழ்ந்து அறிந்தவனே பிறர் பண்பாட்டை மதிப்பான் என்னும் கொள்கை அவரது வாழ்விலிருந்து பெறப்படுவது. ஆயினும் 1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகம் சென்றுவிட்டார். அவரை நாம் மாநாட்டு மேடையில் வைத்துப் போற்றினோம். ஆசிரியப் பயிற்சிக்கு வழிகாட்டியாகக் கொள்ளத் தவறினோம் என்பதே எனது எண்ணம்.

அடுத்து வந்தது 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம். வரலாறு, புவியியல், குடியியல் எனத் தனித்தனியே நின்ற பாடங்கள் 'சமூகக் கல்வி' என ஒன்றாயின. வரலாறு மட்டுமே கற்ற ஆசிரியர் பருவக்காற்றையும், புவியியல் மட்டுமே கற்றவர் பிரெஞ்சுப் புரட்சியையும் கற்பிக்க நேர்ந்தமையின், சேவைக்காலப் பயிற்சி தவிர்க்கவியலாத தேவையாயிற்று. தலைநகரிற் பயின்றவர் மாவட்டத்தாருக்கும், அவர் வட்டாரத்தாருக்கும், அவர் ஆசிரியருக்கும் எனப் பயிற்சி படிப்படியாக இறங்கி வந்தது. ஏற்றத்து நீர் கடைசி வயலை அடையும்பொழுது பாதி மண்ணுக்குள் போய்விடும். இதுவும் அவ்வாறே. முதற்படியில் விவாதமாக இருந்தது இறுதிப்படியிற் குறிப்பாகச் சுருங்கிற்று. குறிப்புத்தானே மாணவரின் கொப்பியிலும் ஏறிற்று. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் தோன்றியது. 2007இல் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பயிற்சி மேலிருந்து கீழிறங்கும் முறைமை மட்டும் பெரிதும் மாறவில்லை.

தீவகமோ அக்கடைசி வயலுக்கும் அப்பாலுள்ளது. பட்டணத்தில் நிகழும் செயலமர்வுக்கு நெடுந்தீவு ஆசிரியர் வரவேண்டுமாயின், ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிலிருந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் ஏறிச் சேர்வதற்குள் முதலமர்வு முடிந்துவிடும். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமாயின் இறுதியமர்வை விட்டெழ வேண்டும். இக்கடல்வழி வெறும் அசௌகரியம் மட்டுமன்று. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகின் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1991இல் புங்குடுதீவு மக்களிற் பெரும்பாலார் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். இன்று அத்தீவிற் பாழடைந்து நிற்கும் வீடுகளின் உரித்தாளரிற் பலர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். தீவகத்து மாணவனுக்குப் 'பிறநாட்டுப் பண்பாடு' என்பது பாடநூலின் ஓர் அத்தியாயமன்று. தொலைபேசியிற் பேசும் மச்சாளின் மாறிப்போன தமிழ் அது. இவ்வுண்மையை அறிந்த ஆசிரியருக்கு அதனை வகுப்பறையில் எடுத்தாளும் வழியை எந்தப் பயிற்சி கற்பித்தது?

வழி தொலைவில் இல்லை. படகிற் சிறிது தூரமே உள்ளது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலுள்ள கல்வெட்டொன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணை அது, தமிழிற் பொறிக்கப்பட்டது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொன்று அரச பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவரும் கலம் கெட்டால் இருவர்க்கும் சரிபாதி. அன்றைய ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

இக்கல்லின் முன் ஆசிரியர் இருபதின்மரை அமர்த்தினால் எழக்கூடிய வினாக்கள் எத்துணை! சிங்கள நாட்டு மன்னன் ஏன் தமிழில் ஆணையிட்டான்? குதிரை ஏற்றிய கலத்துக்கு மட்டும் ஏன் கூடுதற் சலுகை? படை வலிமை குதிரையையும் யானையையும் நம்பியிருந்த காலத்தில், அவற்றைக் கொணரும் வணிகனை அஞ்சச் செய்தல் அரசனுக்கே கேடன்றோ? அடுத்து, ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளிக்குச் செல்லலாம். கலமுடைந்தோரின் பொருளை முன்னைய அரசர் முற்றாகக் கவர்ந்தனர் எனவும், தான் தீர்வை மட்டுமே கொள்வதாகவும் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் அங்கு அபய சாசனம் பொறித்தான். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகலாம். உடைந்த கலத்திலிருந்து ஒரு மனிதனோ, நாயோ, பூனையோ உயிர்தப்பினால் அதனை உரியவரற்ற கலமெனக் கொள்ளலாகாது என அந்நாட்டின் 1275ஆம் ஆண்டு வெஸ்ற்மினிஸ்ரர் சட்டம் விதித்தது. உரியவர் ஓராண்டும் ஒரு நாளும் முடியுமுன் வந்து கேட்டால் பொருள் அவருடையதே. ஏறத்தாழ நூறாண்டுக் காலத்துள், மூன்று கரைகளில், ஒரே கேள்வி: கரையொதுங்கிய அந்நியனை என்ன செய்வது? எமது நூற்றாண்டிலும் கலமேறிய அகதிகளைப் பற்றி நாடுகள் வாதிடுவது இதனையே. தீவகத்துப் பிள்ளைகளுக்கு இவ்வினாவை விளக்க நெடுநேரம் பிடியாது.

இவ்வகைச் சான்றுகள் தீவகத்தில் ஒன்றிரண்டல்ல. ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லெய்டன் எனவும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் எனவும், நயினாதீவுக்கு ஹார்லெம் எனவும் தம் நாட்டு நகர்ப்பெயர்களையே சூட்டினர். அவற்றுள் நெடுந்தீவின் டெல்ப்ற் என்ற பெயரே பெருவழக்காய் நிலைத்தது. நெடுந்தீவிலுள்ள பெருக்குமரம் ஆபிரிக்கக் கண்டத்துக்குரியது. அம்மரத்தடியில் ஒரு பாடம் நடத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

ஆதலால் பயிற்சியின் இடத்தை மாற்றுதலே முதலிற் செய்யத்தக்கது. செயலமர்வு நயினாதீவிலோ நெடுந்தீவிலோ நடைபெறுமாயின், தீவக ஆசிரியர் தாம் நாளும் காணும் கல்லையும் மரத்தையும் கொண்டு பேசுவர். பட்டணத்து வளவாளர் கேட்டுக்கொண்டிருக்க நேரிடும். காலையிற் குறிகட்டுவானில் வரிசையில் நின்று படகேறுதலும், மாலையிற் கடைசிப் படகுக்காகப் பேச்சைப் பாதியில் நிறுத்துதலும் அன்று அவர்கள் முறையாகும்.